களையும் கொடுக்கும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு, வெயிலுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் அடுத்தபடியாக மனத்தை உறுத்துகிற விஷயம், சுவரில் ஏறவும் மரப்பட்டைக்குள் பதுங்கவும் வல்லதும், வைக்கோல் நிறமுடையதுமான ஒருவகைச் சிறு தேள். அதனை அடக்குவதற்கு அந்நாட்டார் கைக்கொள்ளும் உபாயங்களைக் கவனித்தால், மருந்துத் தெளிப்புக்கு அவர்கள் இரண்டாம் ஸ்தானமே கொடுத்திருப்பது தெரியவரும். முதல் ஸ்தானம், வீட்டுச் சுவரை ஒட்டி வளரும் களைகளையும், விறகுக் குவியலையும், பெயர்த்துப் போட்ட கற்களையும் அகற்றி, அந்த ஜந்து பகலில் ஒளிந்துகொள்ள இடமில்லாமற் செய்வதற்கே. மழையே அரிதான அந்தப் பிரதேசத்தில் பிறந்த இந்த யோசனை, மழை ஓயாத நமது இலங்கை மலைநாட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டால், வீட்டு வாசலில் முழுக்கப் பொருந்தும், நாலடி தள்ளிப் போனால் பாதி பொருந்தும், மலைச்சரிவுக்குப் போய்விட்டால் ஆபத்தாகவே முடியும் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எல்லைகள் எங்கே மாறுகின்றன என்பதை டயகமவை வைத்துக்கொண்டு பார்ப்பது சௌகரியம்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வளைந்து வளைந்து ஏறுகிற பாதை போய்ச் சேருகிற மலைமூலை டயகம. அதற்கப்பால் காடு, காட்டுக்கு மேலே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1988 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஹோர்ட்டன் சமவெளி. அங்கிருந்து புறப்படும் ஆக்ரா ஓயா, இந்தத் தோட்டங்களின் ஊடாக இறங்கி, கொத்மலை ஓயாவாக உருமாறி, மகாவலியோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நாட்கணக்கில் சூரிய தரிசனம் கிடைக்காது. மழை விட்டால் பனி, பனி விட்டால் குளிர் என்ற கிரமத்தில் ஆண்டு நகரும். தேயிலை செழிக்க இப்படிப்பட்ட சீதோஷ்ணம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சீதோஷ்ணத்தில் தேயிலையைவிடப் பன்மடங்கு வேகமாகச் செழிப்பது புல்லும் பூண்டும் என்பதைத் தோட்டத்தில் ஒரு பருவமாவது வாழ்ந்தவர்தாம் அறிவார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கோடிப்புறத்தில் சித்திரையில் செதுக்கிய இடம் ஆனி முடிவதற்குள் முழங்கால் மறையும் அளவுக்கு வளர்ந்து நிற்கும்.

தேளைப் பொறுத்தவரையில் குளிர் நமக்கு ஒரு தயை செய்திருக்கிறது. இலங்கையின் தேள் இனங்களில் பெரும்பாலானவை உலர்வலயத்தின் வெப்பத்தையே விரும்புகின்றன. மேல் மலைக்கு ஏற ஏற அவை அருகிப் போகின்றன. ஆளைக் கொல்லக்கூடியது என்று வைத்தியர்கள் அஞ்சுகிற இந்தியச் செந்தேள் இந்நாட்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கத்தில்தான் காணப்படுகிறது. ஈரவலயக் காட்டோரங்களில் கல்லுக்கடியிலும் வேர்ப்பொந்திலும் வாழ்கிற கருநிறத்துப் பெரிய தேளை, நட்டுவாக்காலி என்று சொல்லி நம்மவர்கள் எமதூதனாகவே கருதினாலும், அதன் கொடுக்கு தருகிற வேதனைக்கு ஏற்ற விஷ வீரியம் அதற்குக் கிடையாது. தேள்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதானால், பருத்த இடுக்கியும் மெலிந்த வாலும் உடையது பெரும்பாலும் சாது, மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் உடையதுதான் ஜாக்கிரதையாக விலக வேண்டியது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகள் முதல் தோல் உரிக்கும் வரையில் தாயின் முதுகிலேயே சவாரி செய்கின்றன. அதைப் பார்த்த யாரோ, குட்டிகள் தாயின் முதுகைத் தின்றே வளர்கின்றன என்று கட்டிவிட்ட கதை, தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் உலாவிவருகிறது. தாய்த்தேளுக்கு இழைக்கப்பட்ட பெரிய அபவாதம் அது.

இரவில் தேளைத் தேடுவதற்கு ஒரு விநோதமான வழி உண்டு. கள்ள நோட்டுச் சோதிக்கிற ஊதா விளக்கை இருட்டில் அடித்தால், தேளின் மேலோடு பச்சையும் நீலமும் கலந்த ஒளியோடு மின்னும். அரிசோனாக்காரர்கள் மாலை நேரங்களில் கையில் இந்த விளக்கோடு தங்கள் மதிலைச் சுற்றி வருவது வழக்கம். அப்போதுதான் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது. நம் தோட்டங்களில் ஊதா விளக்கைத் தேடி அலைய அவசியமில்லை. எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்தாலே போதும். அந்த இடம் மிலாற்றுக் குவியல்.

மிலாறு என்பது, செடியைத் தாழ வெட்டிவிடுகிற கவ்வாத்து நடந்த மலையில் உதிர்ந்து கிடக்கும் தேயிலைக் குச்சி. மலையகத்து அடுப்புகளில் இன்றளவும் எரிவது பெரும்பாலும் அதுதான். பெண்கள் கொழுந்துக் கூடை இறக்கிய கையோடு அதைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, மழையில் நனையாமலிருக்க இஸ்தோப்பின் ஓரத்திலோ, குசினிச் சுவரோடு சேர்த்தோ அடுக்கிவிடுகிறார்கள். காய்ந்தும் காயாமலும் கிடக்கிற அந்தக் குச்சிகளின் இடுக்கில் கரப்பான் குடியேறுகிறது. கரப்பானைத் தேடிப் பூரானும் தேளும் வருகின்றன. அடியில் எலி வளை தோண்டுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. ஆக, ஒரு குடும்பத்தின் ஒரு மாத விறகு, அடுத்த காம்பராவுக்கும் சேர்த்து ஒரு சிறிய வனமாக மாறிவிடுகிறது. பெட்டியில் வைத்த துணியை உதறி உடுத்துவது, பாட்டாவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் கால் நுழைப்பது என்பன போன்ற பழக்கங்கள் நம்மவரிடம் நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் விறகை எடுக்கும்போது மட்டும், அடுப்பு அவசரத்தில், பார்க்காமலே கையை நுழைத்துவிடுகிறோம். கொட்டுவாங்குகிற இடம் பெரும்பாலும் விரல் நுனியாக இருப்பதற்கு அதுவே காரணம். மிலாற்றைச் சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, நிலத்திலிருந்து முழ உயரத்துக்கு நாலு கல்லும் இரண்டு கழியும் வைத்துப் பரண்போல் செய்து, அதன்மேல் அடுக்கி, தகரத்தால் மூடிவிட்டால் விறகும் நன்றாகக் காயும், அடியில் ஒளியவும் இடமிராது. நிலத்தைக் கிளறும் நாலு கோழிகள் இருந்தால் இன்னும் விசேஷம். பூரானும் தேளும் அவற்றுக்கு மிட்டாய்.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியது சொற்பமே. சவுக்காரத் தண்ணீரால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, வலிக்கு மாத்திரை கொடுத்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அத்தோடு தீரும். கடிவாயைக் கீறுவதும் மேலே இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே செய்யும். குழந்தைக்குக் கொட்டினாலும், யாருக்காயினும் வியர்வை கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டு, மூச்சு வாங்கினாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். செந்தேள் விஷயத்தில் முன்பு வைத்தியசாலைக்குப் போயும் பிழைப்பது நிச்சயமில்லாதிருந்தது. மகாராஷ்டிரத்துக் கொங்கணக் கரையில், மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்பவர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பிராசோசின் என்ற மலிவான மாத்திரை செந்தேள் விஷத்தால் இருதயம் படுகிற அவஸ்தையை முறியடிக்கிறது என்று கண்டு, 1980 களில் அதை உலகுக்கு எடுத்துரைத்தார். கடுமையாக விஷமேறியவர்களில் நூற்றுக்கு முப்பது நாற்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலைமை அதன்பின் அடியோடு மாறியது. பெரிய பரிசோதனைச் சாலையோ பட்டணத்து வசதியோ இல்லாத ஒரு கிராம வைத்தியர் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கவனித்துக் கண்ட சிகிச்சை அது. யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் இன்று அதையே பிரயோகிக்கிறார்கள்.

இனிக் களை. வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குப் புல்பூண்டில்லாமல் சுத்தமாக வைத்துக்கொள்வது என்ற பாலைநிலத்து விதியை லயத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கானில் தேங்கிய சருகை வாரிப்போடுவதும், பீலிக்கரைச் சேற்றோரத்துப் புல்லை அறுப்பதும், கூரையைத் தொடுகிற கிளையைத் தறிப்பதும் அதனோடு சேர்ந்தவை. சருகு என்றவுடன் நினைவுக்கு வருவது, தேளைவிட நாம் பயப்பட வேண்டிய வேறொரு பிராணி: மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த, ஒரு முழங்கூட நீளமில்லாத, சருகின் நிறமே தன் நிறமான குட்டை விரியன். இலங்கையில் பாம்புக்கடிக்கு மிகுதியும் காரணமாகிறது அந்த இனந்தான். இந்தியாவிலிருந்து தருவிக்கப்படுகிற விஷமுறிவு மருந்தோ அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. அது தானாக வந்து தாக்குவதில்லை. சருகுக்குள் சுருண்டு கிடக்கும், மிதிபட்டால் கடிக்கும். ஆகையால் மாலையில் கோடிப்புறம் போகிறவர் காலில் சப்பாத்தும் கையில் விளக்கும் இருப்பது எந்த மருந்தையும்விட மேலானது.

ஆனால் மூன்றடியைத் தாண்டியவுடன் விதி மாறுகிறது. நமது லயங்களில் அநேகம், மலையை வெட்டிச் சமப்படுத்திய தட்டில் கட்டப்பட்டவை. பின்பக்கம் ஆளுயரத்துக்கோ அதற்கு மேலோ செங்குத்தான மண்மேடு நிற்கும். பாலைவனத்தில் வீட்டைச் சுற்றிச் சரளைக்கல் பரப்பிவிட்டுக் கவலையில்லாமல் தூங்கலாம். நமது மண்மேட்டைத் தேளுக்குப் பயந்து வேரோடு சுரண்டி மொட்டையாக்கினால், அடுத்த அடைமழையில் அந்த மேடே இஸ்தோப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை மூடியதை மறந்தவர் மலையகத்தில் இல்லை. அந்தச் சரிவுக்குக் காரணம் களை பிடுங்கியது என்று நான் சொல்லவரவில்லை. பெருஞ்சரிவுகளின் காரணம் மிக ஆழத்தில் இருக்கிறது. ஆனாலும் மேற்பரப்பின் சிறு சரிவுகளைத் தடுத்து நிறுத்துவது புல்லின் வேர்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே மேட்டிலுள்ளதைப் பிடுங்காமல் கத்தியால் தாழ அறுத்துவிடுவதும், உண்ணிச்செடிபோன்ற முட்புதர் மண்டாமல் பார்த்துக்கொண்டு, வல்லாரை, புளியாரைபோல நிலத்தோடு படர்கிற பூண்டுகளை விட்டுவைப்பதுமே விவேகம். உண்ணிச்செடி 1826 இல் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அலங்காரத்துக்காக வரவழைக்கப்பட்டது. இன்று இந்நாட்டில் அது இல்லாத மாவட்டமில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சட்பூப் பூத்துக் குலுங்குகிற ஐரோப்பிய முட்செடியும் அப்படியே விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனான ஒன்று.

மலையை மொட்டையாகச் சுரண்டுவது நாமாகக் கண்டுபிடித்த பழக்கமன்று. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது தொடங்கி நெடுங்காலம், தேயிலைக்கிடையில் ஒரு புல்லும் தலைகாட்டாத மலைதான் நல்ல துரையின் அடையாளம் என்று துரைமார் தங்களுக்குள் ஒரு கௌரவத்தை வளர்த்துக்கொண்டார்கள். புல்லுவெட்டுக் கொந்தரப்புக் கொடுக்கப்பட்டது. தொழிலாளி சுரண்டியை எடுத்து மண்ணோடு சேர்த்துப் புல்லைச் சுரண்டினான். மழை மீதியைச் செய்தது. இந்த மண்ணரிப்பைப் பற்றி விசாரித்த கமிட்டி 1931 இல் அறிக்கை கொடுத்தது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1925 இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்குகிற தேயிலை ஆராய்ச்சி நிலையமும், தீங்கு செய்யும் களையை மாத்திரம் தேர்ந்து நீக்கி, மிருதுவான பூண்டுகளை விட்டுவைக்கும்படியும், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுபடி நடுவதற்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றும்படியும் சொல்லிவருகிறது. புல்லைப் பகைவனாகவே பார்த்துப் பழகிய ஒரு தொழிலில், மண்ணுக்கு வைத்தியனாகப் புல்லையே அழைத்துவந்தது அழகான திருப்பம் என்பது என் அபிப்பிராயம்.

சுரண்டியின் இடத்தை மருந்து பிடித்த கதை வேறு. பரகுவாட் என்ற களைக்கொல்லி பல காலம் தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிற்று. புல்லை ஓரிரு நாளில் கருக்கிவிடும் அந்தத் திரவம், மனிதன் வாயில் ஒரு மிடறு போனாலும் நுரையீரலை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலையகத்திலும் மற்றக் கமத்தொழிற் பிரதேசங்களிலும், ஒரு கணத்துக் கோபத்திலும் துக்கத்திலும் கைக்கெட்டின அந்தப் போத்தலை எடுத்து மாண்டவர்கள் அநேகர். 1995 அளவில் இந்நாட்டில் லட்சம் பேருக்கு 47 என்ற கணக்கில் இருந்த தற்கொலை, மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ததன் பின், பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பரகுவாட்டும் 2008 தொடங்கிப் படிப்படியாக விலக்கப்பட்டது. போத்தல் எட்டாமற் போனதால் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் கண்ட உண்மை. தேளைக் கொல்லவும் களையைக் கருக்கவும் என்று யாரிடமோ கேட்டு வாங்கி, சோடாப் போத்தலில் ஊற்றி, காம்பராவின் கூரைவளையில் செருகிவைக்கிற மருந்து, அந்த வீட்டிலுள்ள எல்லாத் தேளையும் சேர்த்தாலும் வராத அபாயம். அப்படி ஒன்று வீட்டில் இருக்கவே கூடாது. மூன்றடி நிலத்துக் களைக்குக் கத்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். மலையில் மருந்தடித்த பகுதி எது என்று தெரியாமல் அங்கே கீரை பறிப்பதும் இதே கணக்கில் சேரும்.

பரகுவாட்டுக்குப் பின் வந்த கிளைபோசேட், இலை வழியாக உட்சென்று வேர்வரை இறங்கிக் களையை மாய்ப்பது. வாயில் பட்ட மாத்திரத்தில் கொல்லும் கொடுமை அதில் இல்லாவிட்டாலும், வேறு சந்தேகங்கள் எழுந்தன. வட மத்திய மாகாணத்து உழவர்களைப் பீடிக்கும், காரணந் தெரியாத சிறுநீரக நோயோடு அதனை இணைத்துப் பேசினார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015 மார்ச்சில் அது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்திற்று. அதே ஆண்டு இலங்கை அரசாங்கம் அதனை முற்றாகத் தடைசெய்தது. தடையின் நோக்கத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் மருந்தை நிறுத்தியவர்கள், அந்த மருந்து செய்துகொண்டிருந்த வேலையை இனி எந்தக் கை செய்யும் என்று கேட்க மறந்துவிட்டார்கள். தோட்டங்களில் பதிவுபெற்ற தொழிலாளர் தொகை தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போய்விட்டார்கள். எஞ்சிய பெண்களைக் கொழுந்துக்கு அனுப்புவதா, புல்லுவெட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தால், எந்த நிர்வாகம் புல்லைத் தேர்ந்தெடுக்கும்? சில இடங்களில் வேறு களைக்கொல்லிகளைப் பிரயோகித்துப் பார்த்தார்கள். அவற்றின் மிச்சம் தேயிலையில் இருப்பதைக் கண்டு ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021 இல் இரசாயன உரத்தோடு சேர்ந்து மறுபடி எல்லாம் நின்றது. 2022 இல் மறுபடி திறந்தது. இந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே மலைகள் காடாகின. எட்டத்திலுள்ள மலைகளில் கவ்வாத்தும் நின்று, தேயிலைச் செடி மரமாக வளர்ந்து, அதன்மேல் கொடி படர்ந்து, உள்ளே சிறுத்தை குட்டி போடுகிற அளவுக்கு அடர்த்தியாயிற்று.

காடான மலையில் தேளைவிடக் கொடிய கொடுக்கு ஒன்று காத்திருக்கிறது. மலையகத்துச் செய்திகளை வாசிக்கிறவர்களுக்கு, குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பத்துப் பேர், பதினைந்து பேர் வைத்தியசாலையில் என்ற வரி பழகிப் புளித்துப்போன ஒன்று. அவற்றில் சில வரிகள் ஒரு தாயின் மரணத்தோடு முடிவதுண்டு. குளவி என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு ஜந்துக்களைச் சொல்கிறோம். ஒன்று, மரத்தைச் சவைத்துக் காகிதம்போல் ஆக்கி உருண்டைக் கூடு கட்டுகிற மெய்யான குளவி. கறுத்த உடம்பில் தடித்த மஞ்சட் பட்டை உடையது. கூடு உயர்ந்த டர்பன்டைன் மரத்திலும் தொங்கும், இடுப்பளவு உயரத்துத் தேயிலைச் செடிக்குள்ளும் மறைந்திருக்கும். மற்றது, கிளைக்கடியிலோ பாறைக்கடியிலோ மூடியில்லாத ஒற்றை அடையைத் தொங்கவிட்டு, பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற மலைத்தேனீ. தேன்பருந்து ஒன்று வந்து அடையைக் கலைத்தாலும், பலமான காற்று கிளையை உலுக்கினாலும், யாரோ மூட்டிய புகை பட்டாலும் ஆயிரக்கணக்கில் இறங்கும். கீழே குனிந்த தலையும், நிறைந்த கூடையும், இடுப்பில் இறுக்கிய படங்குமாக நிற்கிற பெண்ணால் அந்தச் சரிவில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? செடி செம்மையாகக் கவ்வாத்துப்பட்டு, வரிசைக்கு வரிசை நடைபாதை தெளிவாக இருக்கிற மலையில் கூடு முன்கூட்டியே கண்ணில் படும், ஓடவும் வழி இருக்கும். களை மூடிய மலையில் இரண்டும் இல்லை. களை ஒழிப்பு வெறும் விளைச்சல் விவகாரமன்று, உயிர் விவகாரம் என்று தொழிலாளர்கள் முறையிடுவது இதனால்தான்.

சிகிரியாக் குன்றில் சிங்கப் பாதத்தருகே, தேனீ கலைந்தால் சுற்றுலாப் பயணிகள் ஓடி ஒளிவதற்கென்று வலையடித்த கூண்டுகள் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி ஒரு தடவை வந்துபோகிறவருக்குக் கிடைக்கிற அந்த முன்யோசனை, ஆயுள் முழுவதும் அதே மலையில் நிற்கிறவளுக்குக் கிடைக்கவில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் ஆளுக்கு மலை பிரிக்கும்போதே, எந்த மலையில் எந்த மரத்தில் கூடு என்று கங்காணி சொல்லிவிட்டு, அந்த நிரையை விலக்கிவைத்து, இரவில், பழகிய ஆளைக்கொண்டு உரிய உடையோடு அதை அகற்றுவது ஒரு தோட்டத்துக்குப் பெரிய செலவல்ல. லயத்தைச் சுற்றிய நிலமும் தோட்டத்துடையது, மரமும் தோட்டத்துடையது. காம்பராவின் வாசலில் மூன்றடியைச் சுத்தம் செய்வது குடியிருப்பவரின் கடமையென்றால், அதற்கு வெளியே இருப்பது நிர்வாகத்தின் கடமை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு சற்றே மாறும். வேலியும் மரமும் மேடும் அவர்கள் பொறுப்பில் வந்துவிடும். அவர்கள் வேலிக்கு அடர்ந்த முட்செடியைத் தேர்வதைவிட, அடிக்கடி வெட்டக்கூடிய, அடி தெளிந்து நிற்கிற செடியைத் தேர்வது நல்லது.

கூடு கலைந்தால் கையை வீசக்கூடாது; தலையையும் முகத்தையும் படங்காலோ சேலையாலோ மூடிக்கொண்டு, கூடையை அப்படியே கழற்றி எறிந்துவிட்டு, கூட்டமாக நில்லாமல் விலகி ஓட வேண்டும்; ஒருவரைக் கொட்டிய இடத்திலிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கேயே அழைக்கும். கதவை மூடக்கூடிய இடம் எது கிடைத்தாலும், கொழுந்து மடுவமானாலும் லொறியானாலும், உள்ளே புகுந்துவிட வேண்டும். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றுவிடும், நின்ற பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ கத்தியின் பின்புறத்தாலோ உடனே வழித்தெறிய வேண்டும். குளவியின் கொடுக்கு நிற்பதில்லை, அதே குளவி மறுபடியும் கொட்டும். மண்ணெண்ணெய்யும் சுண்ணாம்பும் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வீணே கழிகிற நேரம். உதடும் முகமும் வீங்கி, உடம்பெங்கும் தடித்து, மூச்சு முட்டி, தலை சுற்றினால், ஒரு கொட்டே ஆனாலும் ஆபத்து. அந்த நிலையில் உயிர் காப்பது வைத்தியசாலையில் போடுகிற அட்ரினலின் ஊசி. பல டசின் கொட்டு வாங்கியவர், எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்பதற்காக லயத்துக்குத் திருப்பியனுப்பப்படக் கூடாது. சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும், சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ அதுதான் அறிகுறி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் மேல் மலையிலிருந்து பாதைக்கு ஆளைத் தூக்கிவருவதற்குள் அரைமணி போய்விடுமாதலால், அழைப்பதும் தூக்குவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். வண்டி வரும்வரை கொட்டுப்பட்டவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்றே உயர்த்தி வைக்கவும். மூச்சு முட்டுகிறதென்றால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கவும். எழுந்து நடக்க விடாமல் ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும்.